விதைத்த ஏக்கரை வைத்து விளைச்சலைச் சொல்லாதீர்கள்

இலங்கையின் நெல் உற்பத்தியையும் அரிசித் தேவையையும் கணக்கிடும் அதிகாரிகளுக்கும், அந்தக் கணக்கை வைத்து இறக்குமதியையும் நெல் விலையையும் தீர்மானிக்கும் அமைச்சுக்கும்,

மட்டக்களப்பு படுவான்கரையில் வேளாண்மை செய்யும் ஒருவன் எழுதுகிறேன். 2024 டிசம்பரில் நாட்டில் அரிசி போதாது என்று சொல்லி, அனுமதிப் பத்திரம் இல்லாமலே அரிசி இறக்கலாம் என்று அறிவித்தீர்கள். முதலில் டிசம்பர் 20 வரை என்றீர்கள், பிறகு 2025 ஜனவரி 10 வரை நீட்டினீர்கள். ஒன்றரை லட்சம் தொன்னுக்கு மேல் அரிசி வந்து இறங்கியது. அடுத்த மாதம், பெப்ரவரி 5ஆம் திகதி, நன்றாகக் காய்ந்த ‘நாடு’ வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று உத்தரவாத விலை சொன்னீர்கள். அன்றைக்குக் கிழக்கில் பல வட்டைகளில் (வயல்வெளிகளில்) வெட்டு மெசின் ஏற்கெனவே இறங்கியிருந்தது. எங்கள் வட்டையில் ஈர நெல் வயல் கரையிலேயே லொறியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கிலோ நூறு ரூபாயைத் தொடவில்லை. மெசின் கூலி, உரக்கடைப் பாக்கி, வங்கியில் அடகு வைத்த நகை என்று எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்போது, நெல்லைக் காயவைத்து விலை வரும்வரை காத்திருக்க எங்களில் எத்தனை பேரால் முடியும்?

டிசம்பரில் அரிசி இல்லை, ஜனவரியில் கப்பல், பெப்ரவரியில் பிந்திய விலை. இந்த மூன்றையும் தனித்தனித் தவறுகளாக நான் பார்க்கவில்லை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அடுத்த போகத்தில் எவ்வளவு விளையும், நாடு எவ்வளவு சாப்பிடும் என்பதை நீங்கள் முன்கூட்டிச் சொல்கிற விதம் சரியில்லை. அந்த முன்கணிப்பு எங்கள் கைக்கு வருவதுமில்லை. இதைத்தான் இந்த மடலில் எழுத வந்தேன்.

பின்னால் திரும்பி உங்களுடைய எண்களையே பாருங்கள். 2015இல் நாட்டின் நெல் உற்பத்தி ஏறத்தாழ 48 லட்சம் தொன். அந்த ஆண்டு வாங்கிய நெல்லை வைக்க இடமில்லாமல் மத்தள விமான நிலையத்தின் சரக்குக் கட்டடத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். 2016இல் 44 லட்சம். 2017இல் வறட்சி வந்தது, 24 லட்சத்துக்கு விழுந்தது. நெல்லை வைக்க விமான நிலையம் தேடிய நாடு, இரண்டே ஆண்டில் 7 லட்சம் தொன்னுக்கு மேல் அரிசியை வெளியிலிருந்து வாங்கியது. 2018இல் 39, 2019இல் 46, 2020இல் 51 லட்சம். 2021இலும் 51 லட்சத்துக்குக் குறையவில்லை. 2022இல் 34. 2023இல் மறுபடி 45.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கிற எந்த விவசாயிக்கும் ஒன்று உடனே விளங்கும். எங்கள் நாட்டில் நெல் ஏறுமுகமாகவோ இறங்குமுகமாகவோ நேராகப் போவதில்லை. துள்ளுகிறது. ஒரு நல்ல ஆண்டுக்கும் ஒரு கெட்ட ஆண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம், நாடு ஆறேழு மாதம் சாப்பிடுகிற அரிசி. அப்படியிருக்க, கடந்த சில ஆண்டுகளின் சராசரியை எடுத்து, கொஞ்சம் கூட்டி, 2030இல் இவ்வளவு, 2040இல் இவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணை எழுதி வைப்பதால் யாருக்கு என்ன பயன்? மழை பொய்த்தால் எவ்வளவு, வெள்ளம் வந்தால் எவ்வளவு, உரம் பிந்தினால் எவ்வளவு என்று சொல்லுங்கள். எங்களுக்கும் அது வேண்டும், திறைசேரிக்கும் அது வேண்டும்.

தேவைப் பக்கத்துக் கணக்கு இதைவிட எளிது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. சனத்தொகையை ஆளுக்கு இத்தனை கிலோ என்று பெருக்கினால் முடிந்தது என்று. நானும் பெருக்கிப் பார்த்தேன். 2024 குடிசன மதிப்பின்படி நாட்டில் 2 கோடி 17 லட்சத்துக்கு மேற்பட்ட பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 110 கிலோ என்று வைத்தால் 24 லட்சம் தொன் அரிசி, மாதத்துக்கு 2 லட்சம். சரி. ஆனால் 2022க்கு நீங்கள் மதிப்பிட்டு வைத்திருந்த சனத்தொகை 2 கோடி 21 லட்சத்துக்கும் மேல். ஆட்களை எண்ணிப் பார்த்தபோது நாலு லட்சம் பேர் குறைவாக இருந்தார்கள். அதை நான் பெரிய குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அரிசிக் கணக்கில் அது ஒரு வாரச் சாப்பாடுதான். பெரிய பிழை அந்த 110 கிலோவில் இருக்கிறது. அது 105ஆகவும் இருக்கலாம், 115ஆகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் இடையில் மட்டும் ஒரு மாதத்து அரிசி நிற்கிறது.

அந்தக் கிலோ ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை நாங்கள் வீட்டிலேயே காண்கிறோம். 2022இல் கோதுமை மா விலை ஏறியபோது, காலையில் பாண் வாங்கியவர்கள் பழைய சோற்றுக்குத் திரும்பினார்கள். மூன்று வேளையும் சோறு என்றானது. அதே காலத்தில் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள் ஒரு வேளைச் சோற்றையே விட்டன. ஒரே ஊரில் ஒரு வீட்டில் அரிசி கூடியது, அடுத்த வீட்டில் குறைந்தது. சராசரி எண்ணில் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். கோழிக்கும் மாட்டுக்கும் போகிற அரிசி வேறு இருக்கிறது. சோளம் போதாமல் போனால் தீவன ஆலைகள் அரிசியைத் தேடும். பியர் காய்ச்சவும் அரிசி போகிறது. 2024இல் தட்டுப்பாடு வந்த பிறகு அதிகாரிகளே இந்தக் காரணங்களைச் சொன்னார்கள். தட்டுப்பாடு வரும் முன்பே அவற்றைத் தேவைக் கணக்கில் எழுதியிருக்க வேண்டாமா?

நெல்லை அரிசியாக்குகிற இடத்திலும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 45 லட்சம் தொன் நெல் விளைகிற ஆண்டை எடுங்கள். விதைக்கும் சேதத்துக்கும் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் மீதி நாற்பதரை லட்சம். நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி என்று வைத்தால் ஏறத்தாழ 27½ லட்சம் தொன் அரிசி வரும், நாட்டுக்கு மூன்றரை லட்சம் தொன் மிச்சம். அறுபது கிலோ என்று வைத்தால் 24 லட்சம்தான், மிச்சம் என்று சொல்ல எதுவுமில்லை. எங்கள் ஊர்ப்புறத்துப் பழைய மில்லில் குற்றுகிறவர்களுக்கு 68 என்பது கனவு. ஈரமாக வெட்டி, தார் ரோட்டில் காயவைத்து, வெயிலில் வெடித்த நெல் மில்லுக்குள் போனால் குறுநொய்தான் கூடுதலாக விழும். புதிய ஆலைகளில் கூடுதலாக வரும், அது வேறு. எந்த ஆண்டு, எந்த வகை மில்லில், எவ்வளவு நெல் குற்றப்பட்டது என்று பார்க்காமல் ஒரு நிலையான வீதத்தைப் போட்டால், மிச்சம் என்று நீங்கள் அறிவிக்கிற அரிசி கடதாசியில் மட்டுமே இருக்கும். கடையில் இருக்காது.

இனி வயலுக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

விளைச்சலை நீங்கள் இரண்டு எண்களைப் பெருக்கிக் காண்கிறீர்கள். ஒன்று, எத்தனை ஏக்கரில் நெல் நிற்கிறது. மற்றது, ஏக்கருக்கு எவ்வளவு. இரண்டாவதற்கு மாதிரி அறுவடை இருக்கிறது. தெரிவு செய்த வயலில் ஒரு சிறு சதுரத்தை அளந்து, வெட்டி, அடித்து, நிறுத்துப் பார்க்கிறார்கள். 1950களிலிருந்து நடக்கிற முறை, அடிப்படையில் நல்ல முறை. ஒழுங்காகச் செய்கிற உத்தியோகத்தர்களை வெயிலில் வரம்பு வரம்பாக நடக்க நான் கண்டிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிரச்சினை முதல் எண்ணில்.

எங்கள் பக்கத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். அலுவலகம் ஒன்றில் இருக்கிற பதிவில் எங்கள் வட்டையின் பரப்பு முழுவதும் விதைத்ததாக இருக்கும். உர மானியத்துக்குப் பெயர் கொடுத்த பதிவு அது. மானியம் கிடைக்கும் என்பதால் விதைக்காத துண்டுக்கும் சிலர் பெயர் கொடுப்பார்கள், குத்தகைக்குக் கொடுத்தவரும் எடுத்தவரும் இருவருமே கொடுத்ததும் உண்டு. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அப்புறம் வெள்ளம் வரும். 2024 நவம்பர் கடைசியில் வந்தது போல. விதைத்துக் கொஞ்ச நாளே ஆன பயிர் தண்ணீருக்குள் அழுகும். தண்ணீர் வடிந்ததும் கையில் விதைநெல் இருப்பவன் மறுபடி விதைப்பான், இல்லாதவன் தரிசாக விடுவான். மறுபடி விதைத்தவன் நாள் பிந்திவிட்டதால் மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத நெல்லைப் போடுவான், விளைச்சல் குறையும். பள்ளக் கண்டம் மேட்டுக் கண்டத்தைப் போல விளையாது. குளத்துப் பாய்ச்சல் இருக்கிற வயலைப் போல மானாவாரி வயல் விளையாது. ஆனால் முதலில் எழுதிய ஏக்கர் எழுதியபடியே நிற்கும். நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கிற எங்கள் வட்டவிதானை திரும்பத் திரும்பப் போய், இத்தனை ஏக்கர் அழிந்தது, இத்தனை ஏக்கர் மறுவிதைப்பு என்று சொன்னார். குறித்துக்கொண்டார்கள். அது மேலே போன கணக்கில் ஏறியதா என்று கேட்டால் இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

நட்டஈட்டுக்கு ஒரு பட்டியல், உரத்துக்கு ஒரு பட்டியல், விளைச்சல் மதிப்பீட்டுக்கு ஒரு பட்டியல். மூன்றும் ஒரே வயலைப் பற்றியவை. மூன்றிலும் பரப்பு வேறு வேறாக இருக்கிறது. மாரிகாலப் பெரும்போகத்தில் நாடு முழுதும் 7 லட்சம் ஹெக்டேயருக்கு மேல் விதைக்கிறோம். அதில் நூற்றுக்கு ஐந்து தவறாக எழுதப்பட்டால்கூட 35 ஆயிரம் ஹெக்டேயர். ஹெக்டேயருக்கு 4 தொன் என்று பிடித்தால் 1 லட்சத்து 40 ஆயிரம் தொன் நெல் இல்லாமலே இருப்பதாகிவிடும்.

யானை ஏறி மிதித்த வயல் எந்தப் படிவத்தில் வருகிறது என்றும் தெரியவில்லை. கதிர் முற்றுகிற நேரத்தில் ஒரே இரவில் ஏக்கர் கணக்கில் போகிறது. காவல் வாடியில் படுத்துக் கிடக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

பயிரின் சாற்றை உறிஞ்சுகிற அறக்கொட்டிப் பூச்சி விழுந்த வயலும் அப்படித்தான். இன்றைக்குப் பச்சையாக நிற்கும், ஒரு கிழமையில் வட்டம் வட்டமாக எரிந்தது போல் கிடக்கும். எரிபந்த நோய் கதிரின் கழுத்தில் விழுந்தால் கதிர் வெளியே வந்தும் உள்ளே சப்பிதான், அதாவது பதர்தான். இவை எல்லாம் வெட்டுக்கு முந்திய கடைசி ஐந்தாறு கிழமையில் நடப்பவை. உங்கள் முன்கணிப்போ அதற்கு முந்திய பரப்பை வைத்து எழுதியது. நடுவில் திருத்தினீர்களா என்று எங்களுக்குத் தெரிவதில்லை.

2021ஐப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. அந்த ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தலில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பர் கடைசியில் தடையை நீக்கியபோது பெரும்போக விதைப்பு நடந்து முடிந்து கொண்டிருந்தது. மட்டம் (பக்கத் தூர்) வெடிக்கிற பருவத்தில் யூரியா இல்லை. பயிர் மஞ்சளித்து, கட்டையாக, இரண்டு மூன்று மட்டத்தோடு நின்றது. சேதனப் பசளை (இயற்கை உரம்) என்று மூடைகளில் கொண்டுவந்து தந்ததில் கல்லும் குச்சியும் இருந்தன. டிசம்பரிலேயே எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் பாதி போய்விட்டது என்று சொல்லியிருப்போம். கேட்கவில்லை. 2020/21 பெரும்போகத்தில் 30 லட்சம் தொன்னுக்கு மேல் எடுத்த நாடு, 2021/22 பெரும்போகத்தில் 19 லட்சம் தொன் அளவில் நின்றது. ஒரே போகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. அந்த முடிவை எடுப்பதற்கு முன், உரம் இல்லாவிட்டால் விளைச்சல் இவ்வளவு குறையும், அதனால் இவ்வளவு அரிசி வாங்க வேண்டிவரும், அதற்கு இவ்வளவு டொலர் வேண்டும் என்று ஒரு கணக்கை உங்கள் மேசையிலிருந்து யாராவது எழுதி வைத்தார்களா? எழுதியிருந்தால் அது ஏன் மக்கள் முன் வரவில்லை? டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற 2022இலும் 7 லட்சம் தொன்னுக்கு மேல் அரிசி வெளியிலிருந்து வந்தது.

அந்த ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் மாவட்டம் மாவட்டமாக ஆட்களை அனுப்பிப் பார்த்து, 2022 நெல் உற்பத்தி 30 லட்சம் தொன்னாக இருக்கும், முந்திய ஆண்டைவிட 42 வீதம் குறைவு என்று செப்டெம்பரில் அறிக்கை வெளியிட்டன. முடிவில் விளைந்தது 34 லட்சம் அளவில். அவர்கள் சொன்னதும் சரியாகப் பொருந்தவில்லை. ஆனால் எப்படிக் கணக்கிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். எவரும் படித்து இந்த இடம் பிழை என்று கேள்வி கேட்க முடிந்தது. முன்கணிப்பு பிழைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். மழையை நம்பி வாழ்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்றே தெரியாத ஒரு எண்ணைத் தந்துவிட்டு, அது பிழைத்த பிறகு ஆலைக்காரர் பதுக்கினார், விவசாயி பொய் சொன்னான், சனங்கள் அதிகம் வாங்கினார்கள் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

பதுக்கல் இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் நெல் போகிற இடம் எங்களுக்குத் தெரியும். வெட்டுக் காலத்தில் குறைந்த விலைக்கு வாங்கி, நவம்பர், டிசம்பரில் நெல் இல்லாத காலத்தில் விடுகிறார்கள். ஆனால் எந்த ஆலையில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் பதுக்கலை எப்படிப் பிடிப்பீர்கள்? அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவது மொத்த விளைச்சலில் சிறு பங்கு. மற்றதெல்லாம் தனியார் களஞ்சியத்தில். விளைச்சல் எவ்வளவு என்று அரைகுறையாகவும், கையிருப்பு எவ்வளவு என்று தெரியாமலும் வைத்துக்கொண்டு செய்கிற முன்கணிப்பு, அளவுகோல் இல்லாமல் குளத்துத் தண்ணீரைச் சொல்வது போல.

இன்னொன்று. நீங்கள் நெல் என்று ஒரே பெயரில் கூட்டுகிறீர்கள். சனங்கள் அப்படிச் சாப்பிடுவதில்லை. 2024இல் முதலில் இல்லாமல் போனது தென்பகுதியில் விரும்பிச் சாப்பிடுகிற சிவப்புப் பச்சையரிசி, பிறகு நாட்டரிசி. 2025 பிற்பகுதியில் கீரிச் சம்பா. அதற்குப் பதிலாக வேறு குறுமணி அரிசியை இறக்க அனுமதித்தீர்கள். இவற்றில் எதுவுமே வானத்திலிருந்து விழுந்த விபத்தில்லை. விதைக்கும்போதே தெரிகிற விஷயம். சிவப்பு நெல்லுக்கு எங்கள் பக்கம் வாங்குகிறவன் குறைவு, விலையும் நிச்சயமில்லை. வெள்ளை நாட்டு நெல் வயலில் இருக்கும்போதே வியாபாரி வந்து நிற்கிறான். வங்கிக் கடனை அடைக்க வேண்டியவன் எதை விதைப்பான்? ஒக்டோபரில் எந்த விதைநெல் எவ்வளவு விற்றது என்று பார்த்தாலே, அடுத்த ஆண்டு எந்த அரிசி தட்டுப்படும் என்று சொல்லிவிடலாம். சிவப்பு நெல்லான ஏ.ரி. 362 எத்தனை ஏக்கர், வெள்ளை நெல்லான பி.ஜி. 352 எத்தனை ஏக்கர் என்று வகைவாரியாகக் கேட்பது பெரிய வேலையில்லை. எங்களிடம் வந்து கேட்டால் சொல்வோம்.

அதேபோல விலை எங்கள் விதைப்பை மாற்றுகிறது. பெரும்போகத்தில் நெல் விலை விழுந்தால் அடுத்து வரும் கோடைச் சிறுபோகத்தில் பலர் பாதி வயலைத்தான் செய்வார்கள், சிலர் குத்தகையை விடுவார்கள். இளம் பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போகக் கடவுச்சீட்டு எடுப்பார்கள். ஜனவரியில் இறக்கிய அரிசி பெப்ரவரி விலையை மட்டும் குறைக்கவில்லை, அடுத்த ஆண்டின் விளைச்சலிலும் கை வைக்கிறது. 2030, 2040 என்று எழுதுகிற உங்கள் அட்டவணையில் விவசாயி ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. சனத்தொகை ஆண்டுக்கு அரை வீதம்தான் கூடுகிறது, முதியோர் பங்கு கூடுகிறது. வருங்காலத்தில் அரிசித் தேவை பெரிதாக ஏறப் போவதில்லை என்பது என் கருத்து. வயலில் யார் நிற்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அதற்கு உங்கள் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது நாங்கள் கேட்பது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்கணிப்பை மூன்று முறை வெளியிடுங்கள். விதைப்புக்கு முன் ஒன்று, கதிர் வெளிவரும் முன் பயிர் குடலைக்கு வரும்போது ஒன்று, வெட்டுக்கு மூன்று கிழமை முன் ஒன்று. ஒரே எண்ணாக இல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று வீச்சாகச் சொல்லுங்கள். மாவட்ட வாரியாகவும், சிவப்பு, வெள்ளை, நாடு, சம்பா, கீரிச் சம்பா என வகைவாரியாகவும் பிரித்துத் தாருங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில், கமநல சேவை நிலையங்களின் அறிவித்தல் பலகையில் ஒட்டும் வடிவில் வர வேண்டும். எந்த அரைக்கும் வீதம், ஆளுக்கு எத்தனை கிலோ, தீவனத்துக்கு எவ்வளவு என்று வைத்தீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் நாங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட வைக்காதீர்கள்.

பரப்புப் பதிவில் விதைத்தது, அழிந்தது, மறுவிதைப்பு, வெட்டியது என்று நாலு நிரல் வையுங்கள். வட்டவிதானையும் விவசாய அமைப்பும் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். உர மானியப் பட்டியலை விளைச்சல் கணக்குக்கு அடிப்படையாக எடுக்காதீர்கள். மாரி காலத்து முகிலுக்குள்ளாலும் வயலைக் காட்டுகிற ராடார் செய்மதிப் படங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பயிர்க் காப்புறுதிக்காக அவற்றைக் கொண்டு நெற்பரப்பை அளந்திருக்கிறார்கள். அதை இங்கும் செய்து, வயலில் எழுதிய கணக்கோடு ஒப்பிடுங்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா போன்ற புயலுக்குப் பிறகு எத்தனை ஏக்கர் தப்பியது என்று மாதக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருக்கத் தேவை வராது.

பெரிய ஆலைகளும் களஞ்சியங்களும் தங்கள் நெல், அரிசிக் கையிருப்பை மாதந்தோறும் அறிவிக்கச் சட்டத்தால் கட்டாயமாக்குங்கள். மாவட்ட மொத்தத்தையாவது மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

உத்தரவாத விலையை வெட்டுக் காலத்தில் அறிவிக்காதீர்கள். விதைப்புக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஈர நெல்லுக்கும் ஈரப்பதனுக்கு ஏற்பக் கழித்து ஒரு விலை வையுங்கள், ஏனென்றால் நாங்கள் விற்பது அதைத்தான். இறக்குமதி தேவை என்றால் சிறுபோகக் கணக்கு முடிந்ததும், ஒக்டோபருக்குள் தீர்மானித்து, டிசம்பர் நடுவுக்குள் இறக்கி முடியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நாட்டுக்குள் அரிசிக் கப்பல் வராது என்று எழுத்தில் உறுதி தாருங்கள். பேரழிவு வந்தால் விதிவிலக்கு இருக்கட்டும், அந்தக் காரணத்தையும் எண்ணோடு வெளியிடுங்கள்.

ஒவ்வொரு போகமும் முடிந்ததும், நாங்கள் சொன்னது இவ்வளவு, விளைந்தது இவ்வளவு, வித்தியாசம் இதனால் வந்தது என்று ஒரு பக்கமாவது எழுதி வெளியிடுங்கள். 2024 டிசம்பருக்கான அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உரம், விதை, நீர் என்று நெல்லைத் தொடுகிற எந்தப் பெரிய முடிவையும், அதனால் விளைச்சல் எவ்வளவு மாறும் என்ற மதிப்பீட்டை நாடாளுமன்றத்தில் வைக்காமல் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி செய்யுங்கள்.

இவற்றுக்கு அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டங்கள் தொடங்கும் முன், எழுத்தில், பகிரங்கமாகப் பதில் தர வேண்டும். முடியாத கோரிக்கை எது என்றால் அதையும், ஏன் முடியாது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் ஆட்கள் எங்கள் வட்டைக்கு வந்தால் வயல் வயலாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
படுவான்கரை நெல் விவசாயி ஒருவர்